ஒரு கோழி மட்டும் ஒதுங்கி நிற்கிறது, வெள்ளைக்கழிச்சல்தானா?

கேள்வி: வணக்கம் டாக்டர். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் ஒன்பது நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று பன்னிரண்டு நாள் குஞ்சுகளோடு இருக்கிறது. எல்லாவற்றிலும் நன்றாக முட்டையிடும் செவலைப் பெட்டைக்கு இரண்டு வயது. நேற்றுக் காலையிலிருந்து அது இரை எடுக்கவில்லை. முருங்கை மரத்தடியில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு நிற்கிறது. எச்சம் தண்ணீராக, வெள்ளையும் பச்சையுமாகப் போகிறது. பத்து நாளாக அதன் முட்டை ஓடு மெலிசாக இருந்தது. போன வாரம் ஓடே இல்லாமல் வெறும் சவ்வோடு ஒரு தோல் முட்டை போட்டது. நேற்று இரண்டு தடவை முட்டைக் கூடையில் போய் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் இடாமல் எழுந்து வந்துவிட்டது. வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது, மற்றவை சாவதற்குள் எல்லாவற்றையும் சந்தையில் தள்ளிவிடு என்கிறார் என் மாமியார். மருந்துக் கடையில் ஒரு கேப்சூல் கொடுத்தார்கள், பாதியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பிப்ரவரியில் ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தபோது நாங்கள் வெளியூரில் இருந்தோம். ரேஷன் அரிசி, மீந்த சோறு, தவிடுதான் தீவனம். என்ன மருந்து கொடுக்கலாம்? முட்டையைச் சாப்பிடலாமா? மற்றவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. இந்த வாரம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு கோழிகூடச் சந்தைக்குப் போக வேண்டாம். அது உண்மையிலேயே வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் என்றால், நீங்கள் விற்கும் ஒன்பது கோழிகளும் ஒன்பது ஊருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த நோய் ஊர் விட்டு ஊர் பரவுவதில் பெரும் பங்கு இப்படி அவசரத்தில் விற்கப்படும் கோழிகளுக்குத்தான். அந்த நோயே இல்லை என்றால், நன்றாக இருக்கும் கோழிகளை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது. அவர் காலத்தில் தடுப்பூசி வீட்டு வாசலுக்கு வந்திருக்காது. ஒரே வாரத்தில் கூடு காலியானதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். அவரிடம் இரண்டு நாள் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது முட்டை அடைப்பு, அதாவது முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்வது. வெள்ளைக்கழிச்சல் அதற்கு அடுத்துத்தான் நினைவுக்கு வந்தது. கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவை எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

வெள்ளை எச்சத்தைப் பார்த்தவுடன் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லிவிடுவது நம் ஊர்களில் வழக்கம். பெயரே அப்படி அமைந்துவிட்டது. கோழிக்கு மூத்திரப் பை கிடையாது. சிறுநீர் தனியாகப் பிரியாமல் வெள்ளைப் பசையாக மலத்தோடு சேர்ந்தே வரும். நாளைக் காலை நன்றாக இருக்கும் கோழிகளின் எச்சத்தைப் பாருங்கள். கரும்பழுப்பாக உருண்டிருக்கும், அதன் மேல் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைத் தொப்பி இருக்கும். அந்த வெள்ளைதான் சிறுநீர். இரை எடுக்காத கோழிக்குக் குடலில் மலம் இல்லை, ஆனால் சிறுநீரகம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் பழுப்பு நின்றுபோய் வெள்ளை மட்டும் வரும். வெறும் குடலில் பித்தநீர் இறங்குவதால் கூடவே பச்சையும் கலக்கும். எந்தக் காரணத்தால் பட்டினி கிடந்தாலும் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத்தான் போகும். அது பட்டினியின் அடையாளம். அதை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது.

இதை நான் ஒரு கோழியின் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில், மாலை நேரம், ஒரு பாட்டி ஒயர்கூடையில் கருப்புப் பெட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கூடைக்குள் விரித்திருந்த பழைய துணியில் வெள்ளை எச்சம். கூடையிலிருந்து கோழியை வெளியே எடுக்காமலே, வெள்ளைக்கழிச்சல் பாட்டி, இதற்கு மருந்தில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை அதே கூடையில் செத்த கோழியோடு வந்தார். "எதனால செத்துச்சுன்னு அறுத்துப் பாத்துச் சொல்லுங்க, மத்தது ஆறு இருக்கு" என்றார். அறுத்துப் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சலில் சாகும் கோழிகளுக்குப் பெரும்பாலும் முன் வயிற்றின் உள்சுவரில் குண்டூசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் இருக்கும். இதற்கு ஒன்றுகூட இல்லை. குடல் சுத்தமாக இருந்தது. பின்பக்கம், வெளியே வர ஓர் அங்குலம் இருக்கையில், ஒரு முட்டை சிக்கி நின்றிருந்தது. முந்தின நாள் அந்த வயிற்றில் ஒரு முறை கையை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். கோழியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வதை அன்றோடு விட்டேன். உங்களையும் அதைத்தான் செய்யச் சொல்கிறேன். மருந்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கோழியைக் கையில் எடுங்கள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பிடியுங்கள். துரத்தாதீர்கள், மூச்சு வாங்கினால் ஒன்றும் தெரியாது. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி, மெதுவாகக் கையை விட்டு எடுங்கள். உங்கள் இடது கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இறக்கைகள் அடங்கியிருக்கும்படி, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்படிப் பிடித்தால் வலது கை சும்மா இருக்கும், கோழியும் அமைதியாக இருக்கும்.

வாலுக்குக் கீழே ஆசனவாயின் இரண்டு பக்கமும் குச்சி முனைபோல இரண்டு எலும்புகள் கைக்குத் தட்டுப்படும். முட்டையிடும் பருவத்தில் அவற்றின் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையும். முட்டை நின்றுபோன கோழிக்கு ஒரு விரல் நுழைவதே சிரமம். அந்த எலும்புகளுக்கும் மார்பெலும்பின் முனைக்கும் நடுவில் இருக்கும் வயிற்றை உள்ளங்கையால் தாங்கிப் பாருங்கள். அழுத்த வேண்டாம், ஏந்தினால் போதும். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக, கடினமாக ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது முட்டை. கடினமாக இல்லாமல் தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்று இருந்தால் வேறு கோளாறு, அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். தோல் முட்டை சிக்கியிருந்தால் கைக்குக் கடினமாகப் படாது. உங்கள் செவலை ஏற்கெனவே தோல் முட்டை போட்டது. அதனால் கையில் ஒன்றும் தட்டவில்லை என்றாலும் முட்டை அடைப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து மார்பெலும்பு. இரண்டு பக்கமும் சதை இருந்தால் நோய் புதிது. சதை கரைந்து எலும்பு கத்தி விளிம்புபோல நின்றால், கோழி வாரக்கணக்கில் இளைத்துக்கொண்டிருந்திருக்கிறது, நேற்றுத்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படி இருந்தால் குடற்புழுவை யோசிக்க வேண்டும். கொண்டையும் தாடியும் வெளுத்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை ஒதுக்கிப் பாருங்கள். பேன் இருந்தால் இறகின் அடித்தண்டில் கொத்துக் கொத்தாக ஈர் ஒட்டியிருக்கும்.

கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கமாக இருக்கும் இரைப்பையை இப்போது தொட்டுப் பார்ப்பதைவிட நாளை விடிகாலையில், தீவனம் தண்ணீர் வைக்கும் முன்னால் தொட்டுப் பாருங்கள். ராத்திரி நிறைந்திருக்கும் இரைப்பை விடிவதற்குள் காலியாகிவிட வேண்டும். காலையிலும் பந்துபோல இறுகியிருந்தால் இரை அடைத்திருக்கிறது. நீளமான காய்ந்த புல், சணல் கயிறு, பிளாஸ்டிக் துண்டு போன்றவை இதைச் செய்யும். தண்ணீர் நிரம்பிய பலூன்போல இருந்து, வாயிலிருந்து புளித்த வாடை வந்தால் உள்ளே இரை புளித்துப்போயிருக்கிறது. இரண்டுக்கும் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழியும் வைத்தியம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். புளித்த நீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் கண்முன்னே செத்துவிடும்.

கடைசியாக வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சள் வெள்ளைப் படலம் இருக்கிறதா, மூக்கில் சளி, முகத்தில் வீக்கம், மூச்சில் கறகறவென்ற சத்தம் இருக்கிறதா, கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறதா, இறக்கை தொங்குகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல், மற்ற எட்டும் சேவலும் கிளறிக்கொண்டு திரிகின்றன என்றால் என் சந்தேகம் முட்டையின் மேலேயே நிற்கும்.

ஏன் என்றால், ஒரு முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரி நேரம். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் கொஞ்சம் குறையலாம். ரேஷன் அரிசியிலும் சோற்றிலும் தவிட்டிலும் அதற்குக் கால்சியம் கிடையாது. கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் தீரும்போது ஓடு மெலிகிறது, அப்புறம் தோல் முட்டை வருகிறது. கால்சியம் ஓட்டுக்கு மட்டும் வேண்டியதில்லை, முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதுதான் வேண்டும். அது குறைந்தால் முட்டை பாதி வழியில் நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் மெலிந்த ஓடு, தோல் முட்டை, கூடைக்குப் போய் வெறுமனே திரும்புவது என்று மூன்றும் வரிசையாக இருக்கின்றன. இருப்பதில் நன்றாக முட்டையிடும் கோழிக்கு இது முதலில் வந்ததும் அதனால்தான்.

சரி, இன்று என்ன செய்வது?

ஓர் அகலமான பேசினில் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனவாய் முழுகும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் போதும். கோழியை அதில் நிற்கவோ உட்காரவோ வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே கால் மணி முதல் இருபது நிமிடம் வரை பிடித்திருங்கள். முதல் ஒரு நிமிடம் உதறும். சூடு இறங்கியதும் கண்ணைச் செருகிக்கொண்டு அப்படியே அடங்கிவிடும். தண்ணீர் ஆற ஆறச் சுடுநீர் சேருங்கள். பிறகு துண்டால் நன்றாக ஈரம் ஒற்றி, காற்றுப் படாத இடத்தில் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரே கொன்றுவிடும். ஆசனவாயைச் சுற்றியும் கொஞ்சம் உள்ளேயும் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். நகம் வெட்டிய விரலாக இருக்கட்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒன்றைப் பொடித்து, வெல்லத் தண்ணீர் சில சொட்டு விட்டுக் குழைத்துக் கொடுங்கள். கொடுக்கும் விதம் முக்கியம். கோழியின் நாக்குக்குப் பின்னால், நடுவிலேயே, மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. தலையை அண்ணாந்தபடி பிடித்து ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். நோயில் சாகாத எத்தனையோ கோழிகள் இப்படி ஊற்றிய மருந்தில் செத்திருக்கின்றன. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு வையுங்கள். அலகைத் தண்ணீரில் தொட்டு எடுத்தால் தானாகவே நாலு வாய் குடிக்கும், அது இன்னும் நல்லது.

அப்புறம் ஒரு பஞ்சாரத்திலோ அட்டைப் பெட்டியிலோ சாக்கு விரித்து, கொஞ்சம் இருட்டாக, கதகதப்பாக வைத்து, தனியாக விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்காதீர்கள். பல கோழிகள் அந்த இருட்டில், யாரும் பார்க்காத நேரத்தில் முட்டையைத் தள்ளிவிடும். தோல் முட்டையாக இருந்தால் சாக்கில் ஈரமும் ஒரு சவ்வும்தான் கிடக்கும், எச்சம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராத்திரி ஒரு தடவை வெந்நீர்ச் சிகிச்சையைத் திரும்பச் செய்யலாம்.

வயிற்றைப் பிசைந்தோ அழுத்தியோ முட்டையை வெளியே எடுக்க மட்டும் முயல வேண்டாம். உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில்லு முட்டை வரும் குழாயைக் கிழிக்கும், வயிறு சீழ் பிடிக்கும், அதற்குப் பிறகு காப்பாற்றுவது கடினம். நேற்றுக் காலை தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டை சிக்கிய கோழிக்கு ஒன்றிரண்டு நாள்தான் தவணை. இன்று சாயங்காலம் இதையெல்லாம் செய்தும் நாளைக் காலை முட்டை வரவில்லை என்றால், தாமதிக்காமல் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். கால்சியம் ஊசியும், கருக்குழாயைச் சுருங்க வைக்கும் ஊசியும் அங்கே போடுவார்கள். இரண்டாவது ஊசியை எக்காரணம் கொண்டும் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. வழி அடைத்திருக்கும்போது போட்டால் குழாய் கிழிந்துவிடும்.

கேப்சூலைப் பற்றி. மருந்துக் கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். அது ஆன்டிபயாட்டிக் என்று வைத்துக்கொண்டால், முட்டை அடைப்புக்கு அது உதவாது. வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, அதற்கும் உதவாது. பாதி கேப்சூலை ஒரு தடவை கொடுத்து நிறுத்துவதால் கோழிக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், வேறு பயன் இல்லை. மேற்கொண்டு கொடுக்க வேண்டாம். மருந்தின் பெயர் இருக்கும் அட்டையைப் பத்திரமாக வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மருந்து கோழியின் முட்டைக்குள்ளும் போகும். செவலையின் முட்டையை மறுபடி எப்போது சாப்பிடலாம் என்று மருந்தைப் பார்த்து அவர் சொல்வார். அதுவரை அதன் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் மற்றக் கோழிகளின் முட்டையைச் சாப்பிடலாம். முழுக்க வேகவைத்துச் சாப்பிடுங்கள், அரைவேக்காடு வேண்டாம். நோயாக நிற்கும் செவலையை அறுத்துக் குழம்பு வைக்கும் யோசனை வீட்டில் யாருக்காவது இருந்தால், அதையும் கைவிடச் சொல்லுங்கள்.

முட்டை அடைப்பு என்று நான் நினைத்தாலும், உங்கள் கோழிகளுக்கு இந்த ஆண்டு தடுப்பூசி போடவில்லை. அதனால் வெள்ளைக்கழிச்சல் இல்லை என்று தெரியும்வரை, இருக்கிறது என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். செவலைக்குத் தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் தீவனத் தட்டு. காலையில் முதலில் குஞ்சுகளுக்கும் நல்ல கோழிகளுக்கும் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் செவலையிடம் போக வேண்டும். அங்கிருந்து திரும்பும்போது கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் எச்சத்தை வாரி ஆழமாகப் புதையுங்கள், காக்கை கிளறக் கூடாது. பக்கத்து வீட்டுக் கோழிக்காரர்கள் பார்க்க வந்தால் வாசலோடு பேசி அனுப்புங்கள். செருப்பில் ஒட்டிய எச்சமே நோயை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகப் போதும்.

வெள்ளைக்கழிச்சலை எப்படி அடையாளம் காண்பது? அது ஒரு கோழியோடு நிற்காது. பெரும்பாலும் ஐந்தாறு நாளுக்குள், சில சமயம் பதினைந்து நாள் வரைக்கும்கூட, அடுத்தடுத்து விழத் தொடங்கும். வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். இறக்கை தொங்கும், கால் இழுக்கும். பிழைத்துக்கொள்ளும் சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றுவிடும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது போவதும் உண்டு. மலை ஊரான ராணிக்கெட்டில் நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்கிறோம். இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் 1926-இல் கண்டறிந்ததால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது நியூகாசில் நோய். நூறு ஆண்டு ஆகியும், வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியத்தை நான் தடுக்க மாட்டேன், இரை எடுக்கும் கோழிக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. விழுங்க முடியாத கோழியின் தொண்டைக்குள் உருண்டையைத் திணிக்கவும் கூடாது.

மற்றக் கோழிகளில் ஒன்றாவது சுருண்டால் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஒரு கோழி செத்துவிட்டால், கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு இரண்டு பைக்குள் கட்டி, கூடவே ஐஸ் வைத்து அன்றைக்கே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரியக்கூடிய விஷயம், நாம் வெளியிலிருந்து பத்து நாள் யோசித்தாலும் தெரியாது. நீங்களே அறுக்காதீர்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்து, தலை வீங்கி, கொண்டை கருநீலமாகியிருந்தால் எதையும் தொடாமல், எங்கும் கொண்டுபோகாமல், உடனே தகவல் மட்டும் கொடுங்கள். பறவைக் காய்ச்சலும் அப்படித்தான் தொடங்கும், அது மனிதருக்கும் வரக்கூடியது.

செவலை முட்டையைத் தள்ளிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே கண்ணில் தெளிவு வரும், இறகு படியும், கூவென்று ஒரு குரல் கொடுக்கும். அப்போது வேகவைத்த முட்டையை மசித்தோ, கம்பங்கூழாகவோ, குழைந்த சோற்றில் கொஞ்சம் முருங்கைக்கீரை வேகவைத்துப் பிசைந்தோ வையுங்கள். நான்கைந்து நாள் தனியாகவே இருக்கட்டும். வெளிச்சம் குறைவான இடத்தில் வைத்தால் முட்டை உற்பத்தி கொஞ்சம் தள்ளிப்போய், எலும்பு தேறிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இனி எல்லாக் கோழிகளுக்கும் கால்சியம் வேண்டும். சுண்ணாம்புக் காளவாயில் சுடுவதற்கு வரும் கிளிஞ்சல் இருக்கிறதே, சுடாத கிளிஞ்சல், அதை வாங்கி அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கி ஒரு தனிச் சட்டியில் வையுங்கள். சுட்டு நீற்றிய சுண்ணாம்பைக் கொடுக்காதீர்கள், வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும். தீவனத்தோடு கலக்கவும் வேண்டாம். எதற்குத் தேவையோ அது தானாகப் போய்க் கொத்தும். சாயங்காலம் கூடு அடையும் முன் முட்டையிடும் கோழிகள் அந்தச் சட்டியைத் தேடி வருவதைப் பார்ப்பீர்கள், ராத்திரி ஓடு கட்டுவதற்கு அவை சேமித்துக்கொள்கின்றன. சேவலும் குஞ்சுகளும் அதை அவ்வளவாகச் சீண்டாது. கிளிஞ்சல் கிடைக்கவில்லை என்றால் வீட்டு முட்டை ஓடுகளைக் கழுவி, வாணலியில் ஈரம் போக வறுத்து நொறுக்கி வைக்கலாம். ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள், இல்லையென்றால் சொந்த முட்டையைக் கொத்தும் பழக்கம் வந்துவிடும். அரிசியோடு கம்பும் சோளமும் கொஞ்சம் சேருங்கள், கடலைப் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி, கீரை தினமும். பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள், அது ஈரலைக் கெடுக்கும்.

தடுப்பூசிக்கு அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்காதீர்கள். செவலையின் நோய் தொற்று இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, மற்றக் கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து இறக்கை அடியில் போடும் ஊசியை மருந்தகத்தில் கேளுங்கள். எட்டு வாரம் ஆன கோழிக்குத்தான் அந்த ஊசி. உங்கள் பன்னிரண்டு நாள் குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து. முதல் வாரத்திலேயே விட வேண்டியது, இப்போதும் விடலாம். மூன்று நான்கு வாரத்தில் இன்னொரு முறை. சொட்டு மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் விட்டு முடிக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டு வெயிலில் கொண்டுவந்த மருந்தை விடுவதும் வெறும் தண்ணீரை விடுவதும் ஒன்றுதான். கோழியைப் பிடித்துச் சொட்டு விட முடியாதவர்களுக்காகத் தீவனம்போலக் கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது, மருந்தகத்தில் அதையும் விசாரியுங்கள். பிப்ரவரியில் முகாம் வைப்பது வெயில் ஏறும் மாதங்களில் இந்த நோய் கிளம்புவதால்தான். அடுத்த ஆண்டு ஊரில் இல்லாமல் போனால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது பஞ்சாரத்தோடு ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

இன்று கோழியைக் கையில் எடுத்துப் பார்த்ததும், வயிற்றில் என்ன தட்டியது, மார்பெலும்பு எப்படி இருந்தது, நாளை விடிகாலையில் இரைப்பை காலியாக இருந்ததா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருந்தகத்துக்குப் போனால் கோழியோடு அந்தத் தாளையும், காலையில் போட்ட எச்சத்தை ஒரு இலையில் மடித்தும், தோல் முட்டை ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும், கேப்சூல் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோக வேண்டாம், முட்டை உள்ளே உடைந்துவிடும். சாக்கு விரித்த கூடையில் நிற்க வைத்து, மேலே துணி போட்டு மூடிக் கொண்டுபோங்கள்.